கருவில் ஆட்டிசத்தைத் தேடலாமா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த ஸ்கேன் சென்டருக்குள் போனாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே பார்ப்பதில்லை, அது தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். பலகையைத் தாண்டினால் மேசையில் 'படிவம் எஃப்'. கர்ப்பிணியின் பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை, அவர்களில் ஆண் எத்தனை பெண் எத்தனை, எதற்காக இந்த ஸ்கேன் என்று வரிசையாகக் கட்டங்கள். பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் பரிசோதனை என்றால் இன்னொரு பகுதியும் உண்டு. முந்தைய குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருந்ததா, பிறவிக் குறை இருந்ததா, மனவளர்ச்சிக் குறைபாடு இருந்ததா என்று அது கேட்கும். குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்று அந்தப் பெண் கையெழுத்தும் போட வேண்டும்.

ஒரே தாளில் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன. ஒரு தகவலைத் தேடுவது குற்றம். இன்னொன்றைத் தேடுவது மருத்துவம். ஆட்டிசம் இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதற்கு இன்னும் ஒத்த பதில் இல்லை. அதற்கென்று ஒரு பரிசோதனையே இன்று இல்லை என்றாலும், அதை நோக்கிய ஆராய்ச்சி நடக்கிறது. அதன் விளிம்பில் நிற்கும் பரிசோதனைகள் ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டன. பரிசோதனை வந்த பிறகு அறத்தைப் பேசத் தொடங்கினால் காலம் கடந்துவிடும் என்பதே இந்தப் பரிசீலனைக்குக் காரணம்.

கேள்வி புதிதல்ல

எந்தப் பிறப்பு வாழத் தக்கது என்ற கேள்வி தமிழுக்குப் பழையது. சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொல்லும் புறநானூற்று 28ஆம் பாட்டு, குறையுடைய பிறவிகளை எட்டாக எண்ணி, அவற்றால் பயன் இல்லை என்கிறது. பார்வையின்மை, கூன், குள்ளம், பேச்சின்மை, செவிட்டுத்தன்மை என்று போகும் அந்த வரிசை 'மருள்' என்ற சொல்லில் முடிகிறது. அறிவு மயங்கிய நிலை என்று அதற்கு உரை சொல்வார்கள். அரசனுக்கு அறம் உரைக்க வந்த பாட்டில் இது போகிற போக்கில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருத்தை யாரும் மறுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அதில் தெரிகிறது.

இதே எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் அறிவியல் உடுத்தி வந்தது. 1928ல் தொடங்கிய மெட்ராஸ் நியோ-மால்தூசியன் லீக் கருத்தடையைப் பரப்பியபோது, இனத்தின் தரத்தை உயர்த்துவது என்ற வாதத்தையும் சேர்த்தே பரப்பியது. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், பிறக்கும் குழந்தை உடல் அல்லது மனக் கோளாறுகளால் கடுமையாக ஊனமுறும் ஆபத்து இருந்தால் கருவைக் கலைக்கலாம் என்று ஒரு தனிக் காரணத்தை வைத்தது. 1994ஆம் ஆண்டின் கருவறிதல் சட்டம் பாலினத்தைத் தேடுவதைத் தடுத்தது. குரோமோசோம் கோளாறு, மரபுவழி வளர்சிதை நோய், ரத்தச் சிவப்பணுக் கோளாறு, பாலினம் சார்ந்த மரபு நோய், பிறவிக் குறை ஆகியவற்றைத் தேட அனுமதித்தது. ஆட்டிசம் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலை நீட்டும் அதிகாரம் மத்திய மேற்பார்வை வாரியத்திடம் இருக்கிறது.

என்ன தெரியும், என்ன தெரியாது

இந்த விவாதத்தில் மிகுதியான குழப்பம் அறிவியலைப் பற்றியதுதான். 1943ல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, ஒரு தலைமுறைக்கு மேல் பழி தாயின் மேல் விழுந்தது. அன்பில்லாத தாய்மார்களால் குழந்தைகள் இப்படி ஆகிறார்கள் என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹைம் 1967ல் எழுதிய நூல் ஊரெங்கும் பரப்பியது. சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 1977ல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். ஐந்து நாடுகளின் தரவைக் கொண்டு 2019ல் வெளிவந்த ஆய்வு அந்தப் பங்கை ஏறத்தாழ 80 விழுக்காடு என்று மதிப்பிட்டது.

80 விழுக்காடு மரபு என்றால் மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று தோன்றும். அது அப்படி இல்லை. ஆட்டிசத்தோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்ட மரபணுக்களே நூற்றைத் தாண்டும். பெரும்பாலானவர்களிடம் தனியொரு காரணம் அகப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. தனிக் காரணம் அகப்படும் சிறுபான்மையினரிடமும் கணக்கு நேராக இல்லை. 16ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைப் பனிக்குட நீரிலிருந்து கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்தத் துண்டு விடுபட்டவர்களில் சிறுபான்மையினருக்கே ஆட்டிசம் இருக்கிறது. சில வேளைகளில் பரிசோதித்துப் பார்த்தால் அதே விடுபாடு தகப்பனிடமோ தாயிடமோ இருக்கும். அவர் பள்ளி முடித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்திக்கொண்டிருப்பார். ஃப்ரஜைல் எக்ஸ் போன்ற ஒற்றை மரபணுக் கோளாறு ஓரளவு தெளிவானது. அங்கும் தேடப்படுவது அந்தக் கோளாறுதான். ஆட்டிசம் அதோடு வரலாம், வராமலும் போகலாம்.

2011 முதல் விற்பனையில் இருக்கும் என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை, தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ.யைப் படிக்கிறது. டவுன் சிண்ட்ரோம் விஷயத்தில் அது மிக நன்றாக வேலை செய்கிறது. அரிய விடுபாடுகளுக்கு அதை நீட்டும்போது பொய் எச்சரிக்கைகள் பெருகுகின்றன. எந்த நிலையிலும் அது ஆட்டிசத்துக்கான பரிசோதனை அல்ல. டபுள் மார்க்கரும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனும் அல்ல. 'எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்' என்ற சொல்லை ஒரு குடும்பம் நம்பி வீட்டுக்குப் போகிறதே, அந்தச் சொல்லுக்குள் ஆட்டிசம் இல்லை.

நாளைக்கே ஒரு நல்ல பரிசோதனை வருகிறது என்று கற்பனை செய்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டிசம் உள்ள கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறை அது பிடித்துவிடும். இல்லாத கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும். நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டால், 10,000 கர்ப்பங்களில் 100. அதில் 90 பிடிபடும். மீதி 9,900ல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 990 கருக்கள், ஆட்டிசம் இல்லாமலே 'உண்டு' என்று வந்துவிடும். 'உண்டு' என்ற தாளோடு வெளியே வரும் 1,080 பெண்களில் 990 பேருக்கு அந்தத் தாள் தவறு. பரிசோதனை 90 விழுக்காடு துல்லியம் என்று விளம்பரம் சொல்லும். அது பொய்யும் ஆகாது. முதல் குழந்தைக்கு ஆட்டிசம் உள்ள குடும்பங்களில் அடுத்த குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்பதால், அங்கே இந்தக் கணக்கு மாறும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதும் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் செய்வதும் ஒரே அறக்கேள்வி அல்ல என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மணலும் ஒரு பூஜ்யமும்

எண்ணைச் சரியாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குமரிக் கடற்கரை நன்றாக அறியும். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். தோரியம் கலந்த அந்த மணல் பட்டை வடக்கே கொல்லம் வரை விட்டுவிட்டுக் கிடக்கிறது. 1976ல் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கேரளக் கரையில் கதிர்வீச்சு மிகுந்த பகுதியில் டவுன் சிண்ட்ரோம் கூடுதல் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அங்கே 12,918 பேரில் 12 பேருக்கு அது இருந்தது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட பகுதியில் 5,938 பேரில் ஒருவருக்கும் இல்லை.

விமர்சகர்கள் கை வைத்தது அந்தப் பூஜ்யத்தின் மேல். ஆயிரத்துக்கு ஒன்று என்பது எங்கும் காணக்கூடிய அளவுதான். விசித்திரமானது மணல் பகுதியின் பன்னிரண்டு அல்ல, மறு பகுதியின் பூஜ்யம். 1995 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் கொல்லம் பக்க மருத்துவமனைகளில் 1,40,000க்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கதிர்வீச்சுக்கும் பிறவிக் குறைகளுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. மணலைப் பற்றிய அச்சம் அதோடு தீரவில்லை. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் 2024ல் எதிர்ப்பைச் சந்தித்தபோது மக்கள் முன்வைத்த கவலைகளில் நோய் முதன்மையானது. அந்தக் கவலையை அறியாமை என்று தள்ளுவது நியாயமல்ல. புற்றுநோய், கடலரிப்பு, வாழ்வாதாரம் ஆகியவை தனிக் கேள்விகள். இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிய ஒரு எண் பொதுவெளிக்கு வந்துவிட்டால், அதைத் திருத்தும் எண் பின்னால் வந்தாலும் முதல் எண்ணின் நிழல் போவதில்லை. கருப்பரிசோதனைத் தாளும் அப்படிப்பட்ட எண்தான்.

பெண்ணின் உடல், பெண்ணின் முடிவு

பரிசோதனைக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது இனத்தரம் பேசும் வாதம் அல்ல. பெண்ணின் தன்னுரிமையைப் பேசும் வாதம். இதற்குத் தமிழ் மண்ணில் ஆழமான வேர் உண்டு. கருத்தடையை மற்றவர்கள் ஆதரிக்கும் காரணம் வேறு, தாம் ஆதரிக்கும் காரணம் வேறு என்று பெரியார் பிரித்துக் காட்டினார். நாட்டின் வறுமையும் குடும்பத்தின் பொருளாதாரமும் அவருக்கு இரண்டாம் பட்சம். பெண் விடுதலைதான் முதல். இந்த வழியில் யோசித்தால், தன் கருவைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் அதைச் சுமப்பதா என்று முடிவெடுக்கவும் அந்தப் பெண்ணுக்கே உரிமை. காரணத்தை விசாரிக்க வேறு யாருக்கும் இடமில்லை. தத்துவ அறிஞர் ஜூலியன் சவுலெஸ்கு 2001ல் இதைவிட ஒரு படி மேலே போய், இருக்கும் தெரிவுகளில் நல்வாழ்வுக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தையைத் தேர்வது பெற்றோரின் கடமையே என்றார். உரிமை கடமையாக மாறும் இடம் அதுதான். தன்னுரிமை வாதம் வலுவிழக்கும் இடமும் அதுதான்.

நீதிமன்றங்கள் இரு திசையிலும் நடந்திருக்கின்றன. 2009ல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள பெண் தன் கருவைச் சுமக்க விரும்பியதை உச்ச நீதிமன்றம் மதித்தது. அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. 2017ல், டவுன் சிண்ட்ரோம் கண்டறியப்பட்ட 26 வாரக் கருவைக் கலைக்கக் கேட்ட பெண்ணுக்கு அதே நீதிமன்றம் அனுமதி மறுத்தது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கணிசமான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் 24 வார வரம்பு பொருந்தாது. மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், கதிரியக்க நிபுணர் ஆகியோர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி ஒருவரோ, அத்தகைய குழந்தையை வளர்த்த தாயோ தகப்பனோ இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இதைச் சிறு விடுபடுதல் என்று கருத முடியவில்லை.

தன்னுரிமை வாதத்தின் இன்னொரு பலவீனம் வீட்டுக்குள் இருக்கிறது. முடிவு பெண்ணுடையது என்று சட்டம் சொல்லலாம். பரிசோதனைக்குப் பணம் கட்டுகிறவர், தாளைப் படிக்கிறவர், 'அடுத்தது பாத்துக்கலாம்' என்று சொல்கிறவர் பெரும்பாலும் வேறொருவர். பரிசோதனை என்று ஒன்று வந்துவிட்டால் அதை மறுப்பதற்கும் விலை உண்டு. குறையோடு பிறந்த குழந்தையைத் தோளில் போட்டு நிற்கும் தாயிடம் 'ஸ்கேன்ல பாக்கலியா?' என்று கேட்பவர்கள் இப்போதே இருக்கிறார்கள். பெட்டல்ஹைம் காலத்தில் அன்பு காட்டாததற்காகப் பழி சுமந்த தாய், இனி டெஸ்ட் எடுக்காததற்காகச் சுமப்பாள்.

பெண்கருவுக்கு ஒரு நியாயம், ஊனக்கருவுக்கு ஒரு நியாயமா?

மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் மறுப்பு இங்கே தொடங்குகிறது. ஏட்ரியன் ஆஷ் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர், தாமே பார்வையற்றவர். குழந்தையே வேண்டாம் என்ற முடிவும் இந்தக் குழந்தை வேண்டாம் என்ற முடிவும் ஒன்றல்ல என்று அவர் வாதிட்டார். இரண்டாவதில், ஒரே ஒரு பண்பு முழு மனிதரின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதே பண்போடு வாழ்கிறவர்களைப் பற்றியும் அது ஒரு செய்தி சொல்லிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2007ல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, ஊனத்தை மட்டும் காரணமாக வைத்துக் கருக்கலைப்புக் காலத்தை நீட்டிய ஸ்பெயின் சட்டத்தை 2011ல் விமர்சித்தது.

இந்தியாவில், அதுவும் தமிழ்நாட்டில், இந்த வாதத்துக்கு ஒரு தனிக் கூர்மை இருக்கிறது. உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலை 1980களில் வெளியே வந்தது. 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பிறகு மத்தியச் சட்டம் வந்தது. தகவலை அறியும் உரிமையைவிட, அந்தத் தகவலால் ஒரு பிரிவினர் பிறக்காமலே போகும் தீங்கு பெரிது என்று இந்தச் சமூகம் ஒருமுறை தீர்மானித்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 1,000 ஆண்களுக்கு 1,019 பெண்கள் இருந்த குமரி மாவட்டத்திலும் அந்தப் பலகை தொங்குவதற்குக் காரணம் அந்தத் தீர்மானம்தான். அப்படியானால் ஊனமுற்றோர் விஷயத்தில் ஏன் அதே தீர்மானம் இல்லை? அனிதா கய்யும் ரச்சனா ஜோஹ்ரியும் 2008ல் எழுதிய கட்டுரை இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று பெண்ணிய இயக்கத்தைப் பார்த்தே கேட்டது. பெண்கருவுக்காகப் போராடியவர்கள் ஊனக்கருவுக்கான விதிவிலக்கைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பது அதன் வருத்தம்.

ஒப்புமை முழுமையானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெண்ணாகப் பிறப்பதன் துன்பம் சமூகத்திலிருந்து மட்டுமே வருகிறது. ஆட்டிசத்தோடு வரக்கூடிய வலிப்பு, உறக்கமின்மை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை எவ்வளவு நல்ல சமூகத்திலும் துன்பம்தான். ஆனால் ஆட்டிசத்தில் பாலினம், ஊனம் என்ற இரண்டு கேள்விகளும் நேராகவே மோதிக்கொள்கின்றன. அது ஆண் குழந்தைகளிடம் மூன்று நான்கு மடங்கு கூடுதலாகக் கண்டறியப்படுகிறது. ஆபத்து மிகுந்த குடும்பங்கள் சோதனைக்குழாய்க் கருவூட்டலில் பெண்கருவைத் தேர்ந்துகொள்ள மேற்கு ஆஸ்திரேலியாவில் அனுமதி தரப்பட்டதாக 2013ல் செய்தி வந்தது. நம் சட்டத்தில் அதற்கு இடமில்லை. இடமில்லாதிருப்பதே நல்லது என்று தோன்றுகிறது. ஒரு கதவைத் திறந்தால், அதன் வழியே யார் யார் நுழைவார்கள் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு.

வேறுபாடா, துன்பமா?

ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993ல் பெற்றோரை நோக்கி, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று எழுதினார். ஆட்டிசம் ஒரு மனிதர்மேல் ஒட்டியிருக்கும் நோய் அல்ல, அவர் உலகை அறியும் விதம் என்பது அதன் சாரம். 1990களின் இறுதியில் இந்த எண்ணத்துக்கு நரம்பியல் பன்மை என்ற பெயர் அமைந்தது. கருப்பரிசோதனை பற்றி இவர்களுக்கு உள்ள அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு. 10,000 பேரின் மரபணுவைச் சேகரிக்க 2021 ஆகஸ்டில் பிரிட்டனில் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் 10கே ஆய்வு, தரவு நாளை கருப்பரிசோதனைக்குப் போகாதா என்ற கேள்வி எழுந்ததால் அடுத்த மாதமே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்டிசம் உள்ளவர்களே கேட்ட கேள்வி அது.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிரான குரலும் ஆட்டிசக் குடும்பங்களிலிருந்துதான் வருகிறது. பேசவும் எழுதவும் வல்லவர்கள், பேச்சே வராத, இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வேண்டியிருப்பவர்களுக்காகவும் பேசிவிட முடியுமா என்று அந்தப் பெற்றோர் கேட்கிறார்கள். 2021ல் லான்செட் ஆணையம் இந்தப் பிரிவினருக்குத் தனிப்பெயர் கொடுத்தது. அதை ஏற்பவர்களும் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. கருப்பரிசோதனைக்கு இதன் பொருள் பெரிது. பிறந்த பின்னும் மூன்று நான்கு வயதுவரை, ஒரு குழந்தை எந்த அளவு துணையோடு வாழும் என்று சொல்வது கடினம். கருவில் அதைச் சொல்லும் கருவி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஆகவே கடும் நிலையை மட்டும் தவிர்ப்போம் என்ற நடுவழி, கேட்க நியாயமாக இருந்தாலும், செய்துகாட்ட முடியாதது.

தயாராவதற்காக மட்டும்

குமரி மாவட்ட மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1987ல் வெளியிட்ட போதனை, குணப்படுத்தவோ காக்கவோ உதவும் கருப்பரிசோதனையை ஏற்கிறது. கலைக்கும் நோக்கோடு செய்வதை மறுக்கிறது. சமயம் சாராத பலரும் இதை ஒட்டி, தயாராவதற்காகத் தெரிந்துகொள்வோம் என்கிறார்கள். ஆனால் ஆட்டிசத்துக்குக் கருவில் தரும் சிகிச்சை இல்லை. முன்கூட்டி ஒட்டிய பெயர், பிறந்த குழந்தையின் ஒவ்வொரு அசைவையும் அறிகுறியாகப் பார்க்கவைக்கும்.

எதற்குத் தயாராவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். 2013 முதல் ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய காரியகிரமத் திட்டத்தில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைகின்றன. நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999லேயே ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது. நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று. இவ்வளவும் இருந்தும், நீரோடியிலிருந்தோ கடையாலுமூட்டிலிருந்தோ வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்கு நாகர்கோவிலுக்குப் பிள்ளையைக் கூட்டி வர வேண்டிய தாய்க்கு நாள் முழுக்கப் பேருந்தில் போய்விடும். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கணவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார். 'நமக்கப் பொறவு இந்தப் பிள்ளைய ஆரு பாப்பா?' என்பதுதான் இந்தப் பக்கத்தில் எல்லாப் பெற்றோரும் கேட்பது. கருப்பரிசோதனை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் தோன்றுவதால்தான் அதற்கு இவ்வளவு இழுப்பு.

முடியாத இடங்கள்

இதுவரை உள்ள அறிவை வைத்துப் பார்த்தால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆட்டிசத்துக்கான பரிசோதனையை முன்வைக்க மருத்துவக் காரணமோ அறக் காரணமோ போதவில்லை என்றே சொல்ல வேண்டும். ஃப்ரஜைல் எக்ஸ் போன்றவை குடும்பத்தில் உறுதியாக அறியப்பட்டிருந்தால், கேட்டு வரும் பெண்ணுக்கு அதை மறுப்பதும் எளிதில் நியாயப்படுத்தக்கூடியதல்ல. அப்போது அவளுக்குக் கிடைக்கும் ஆலோசனை, முடிவின் எண்ணை மட்டும் சொல்கிறதா, அந்த நிலையோடு வாழும் ஒரு குடும்பத்தையும் அவள் கண்ணில் காட்டுகிறதா என்பது பரிசோதனையைவிட முக்கியமாகலாம்.

இடைப்பட்ட பரப்பு திறந்தே கிடக்கிறது. ஐந்தில் ஒரு வாய்ப்பு உள்ள குடும்பங்களை எப்படி நடத்துவது? 2021 திருத்தம் சொல்லும் 'கணிசமான குறைபாடு' என்பதற்குள் நிகழ்தகவு மட்டுமே தெரிந்த ஒன்று அடங்குமா? அதே 2021ல் வந்த செயற்கைக் கருவூட்டல் சட்டம், ஏற்கெனவே அறியப்பட்ட மரபு நோய்களுக்கு மட்டுமே கருமுளையைப் பரிசோதிக்கலாம் என்கிறது. நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டுக் கருமுளைகளை வரிசைப்படுத்தும் சேவைகளை அமெரிக்க நிறுவனங்கள் விற்கத் தொடங்கிவிட்டன. அந்த மதிப்பெண் இங்கே வரும்போது, அதை 'அறியப்பட்ட நோய்' என்று கொள்வதா கூடாதா என்பதை இந்தியாவில் எந்த அமைப்பும் இன்னும் தீர்மானித்துச் சொல்லவில்லை.